படம் இலவசம், படையில் நின்றவர் எங்கே?

2025 ஆகஸ்ட் 11, 12, 13 தேதிகளில் ஒன்றிய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் டெல்லி, மும்பை, புனே, சென்னை நகரங்களில் தேசபக்தித் திரைப்பட விழா நடத்தியது. யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் கிடையாது. மும்பையில் விழா நடந்தது இந்தியத் திரைப்பட தேசிய அருங்காட்சியக வளாகத்தில். சென்னையில் தாகூர் திரைப்பட மையத்தில். 1962 சீனப் போரைக் காட்டும் 'ஹகீகத்', அண்மையில் வந்த 'உரி', 'மேஜர்', 'தானாஜி', நம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்று பட்டியலில் போர்ப்படங்கள் நிறைய.

அந்த மூன்று நாளும் திங்கள், செவ்வாய், புதன். திருவாலங்காட்டில் விடியற்காலை ரயிலேறி வேலைக்குப் போகிற ஒப்பந்தத் தொழிலாளி, ஒரு நாள் கூலியை விட்டால்தான் அந்த இலவசப் படத்தைப் பார்க்க முடியும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பெரியது.

தியேட்டரில் காசு கொடுத்துப் பார்த்தால் அது சினிமா. பிடித்தால் கைதட்டுவோம், பிடிக்காவிட்டால் திட்டுவோம். அதே படத்தை அரசே கூப்பிட்டு, அருங்காட்சியக வளாகத்தில் இலவசமாகக் காட்டும்போது, 'இதுதான் உன் வரலாறு' என்று சொல்கிறது. அந்த வரலாற்றில் சேரி மக்கள் எங்கே நிற்கிறார்கள்?

அரசு செலவில் போர்ப்பெருமை பேசுவது நேற்று வந்த பழக்கமல்ல. எங்கள் ஊரிலேயே அதற்கு ஆயிரம் வருடச் சான்று இருக்கிறது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், மொத்தம் 31 ஏடுகள். ராசேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் ஆவணம் அது. வடமொழிப் பகுதி சோழர் குலப்பெருமை, கங்கை வரை போன படை, கடல் தாண்டிய கடார வெற்றி என்று விரிகிறது. தமிழ்ப் பகுதிக்கு வந்தால் நிலம், எல்லை, உரிமை. அங்கே ஒரு விதி: அவ்வூரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது. கங்கை வரை போன அரசின் ஆணை, மரமேறிப் பிழைப்பவரின் பனைமரத்தடியிலும் வந்து நிற்கிறது. வெற்றியும் தடையும் ஒரே ஆவணத்தில். 'ஆண்ட பரம்பரை' என்று மீசை முறுக்குகிறவர்கள் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். போர்ப்படங்களும் அந்த முதல் பாதியோடு முடிந்துவிடுகின்றன.

ஒடுக்கப்பட்டவர்கள் போர்க்களத்தில் இல்லாமலா போனார்கள்? 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர்கள் பெருமளவில் இருந்தார்கள். 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அங்குள்ள நினைவுத்தூணுக்குப் போனார். அவருடைய தந்தை ராம்ஜியும் ராணுவத்தில் சுபேதார். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கோட்பாட்டைக் கட்டிய வெள்ளையர்கள், மகர்களுக்கு ராணுவக் கதவைச் சாத்தினார்கள். பறையர்களும் பணியாற்றிய சென்னைப் படைக்கும் அதே அடி விழுந்தது. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மகர் ரெஜிமெண்ட், 1943இல் சமார் ரெஜிமெண்ட். போர் முடிந்த கையோடு 1946இல் சமார் ரெஜிமெண்டைக் கலைத்தார்கள். சாக ஆள் வேண்டும்போது தீட்டு இல்லை. சம்பளம், பதவி என்று வரும்போது தீட்டு திரும்பி வந்துவிடுகிறது.

வெள்ளையர்கள் போனபிறகும் கதை முடியவில்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் ஆகியோரை மட்டுமே எடுக்கும் வழக்கம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்காகப் போனது.

எங்களுக்கு இது பழங்கதை அல்ல. எங்கள் ரயில் பாதையில் ஒரு பக்கம் டாங்கி செய்யும் ஆவடி, மறுபக்கம் கடற்படை விமானதளம் இருக்கும் அரக்கோணம். இடையில் இருக்கும் சேரியிலிருந்து படைக்குப் போக நினைக்கும் தம்பிக்குச் சீருடை என்பது சம்பளம் மட்டுமல்ல. ஊர்த்தெருவில் நிமிர்ந்து நடக்கும் துணிச்சல். 2022இல் வந்த அக்னிபத் திட்டம் அதையும் நான்கு வருடமாகச் சுருக்கியது. நூற்றுக்கு 25 பேர் வரைதான் பணியில் தொடரலாம். மற்றவர்கள் திரும்பி வருவது அதே தெருவுக்குத்தான். அதைச் சொல்ல எந்தத் தேசபக்திப் படம் இருக்கிறது?

அப்படியானால் நமக்கும் ஒரு வாள் சுழற்றும் படம் வேண்டும் என்பதா கோரிக்கை? அதோடு நின்றால் நாமும் இன்னொரு ஆண்ட பரம்பரைக் கதையைத்தான் எழுதுவோம். கோரேகான் நமக்கு முக்கியமாவது எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்காக அல்ல. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே பேஷ்வாவின் முன் நிமிர்ந்து நின்றார்கள் என்பதற்காக. போரைப் பார்க்க வேறு கண்ணும் உண்டு. அதே விழாப் பட்டியலில் 1952இல் வந்த 'பராசக்தி'யும் இருந்தது. குண்டுவீச்சுக்குத் தப்பி ரங்கூனிலிருந்து கிளம்பும் அண்ணன் ஒரு காலை இழந்து, தமிழ்நாட்டில் பிச்சைக்காரர்களோடு சேர்கிற கதை அது. போரில் எளியவர்களுக்குக் கிடைப்பது அதுதான்.

விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. 'உரி'க்குப் பக்கத்தில், சோம்நாத் வாக்மாரே 2017இல் எடுத்த பீமா கோரேகான் ஆவணப்படத்தையும் போடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பார்வையாளர்களைப் பேசவிடுங்கள். நகரத்தோடு நிற்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காட்டுக்கும் திரையைக் கொண்டுவாருங்கள்.

அரசு வராவிட்டால் நாமே செய்வோம். ஒரு புரொஜக்டர், கட்டுவதற்கு ஒரு வெள்ளை வேட்டி, தெருவில் கொஞ்சம் இடம் போதும். பேச்சைச் செப்பேட்டின் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்கலாம்.