லைக்ஸ் வருது... ஆர்டர் ஏன் வரலை? போனிலேயே கடை நடத்துறவங்க கவனத்துக்கு!

'பிரைஸுக்கு டி.எம் பண்ணுங்க', 'சிங்கிள்ஸ் அவைலபிள்', 'ரீசெல்லர்ஸ் வெல்கம்', 'அன்பாக்ஸிங் வீடியோ கட்டாயம்'... இன்ஸ்டாகிராமில் ஒரு புடவை ரீலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டால் போதும், அடுத்த பத்து ரீலும் இதே வசனங்களோடுதான் வரும். அதில் ஒரு அக்கவுன்ட் உங்களுடையதாகவோ, உங்கள் பக்கத்து வீட்டு அக்காவுடையதாகவோ இருக்கலாம். புடவை மட்டும் இல்லை. மசாலாப் பொடி, ஹோம்மேட் கேக், ஆரி வொர்க் பிளவுஸ், டெரகோட்டா நகை என்று போனையே கடையாக வைத்திருப்பவர்கள் இன்று தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கிறார்கள்.

இவர்களிடம் பேசினால் வரும் புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான். "வியூஸ் வருது, லைக்ஸ் வருது, ஆர்டர் மட்டும் வரலை." அதற்குக் கிடைக்கும் அட்வைஸும் ஒன்றுதான். "டெய்லி ரீல்ஸ் போடு, டிரெண்டிங் ஆடியோ போடு, பூஸ்ட் பண்ணு." இந்த அட்வைஸில்தான் எனக்குப் பிரச்னை. சின்ன வியாபாரியிடம் குறைவாக இருப்பது வியூஸ் இல்லை. ஒருமுறை வாங்கியவர் இரண்டாவது முறை வருவதற்கான வழிதான் குறைவாக இருக்கிறது.

ஒரே போட்டோ, பத்து விலை

சேலம் பக்கத்தில் இருக்கும் இளம்பிள்ளையை எடுத்துக்கோங்க. தறிச் சத்தத்துக்குப் பேர்போன இந்த ஊரின் புடவைகள் முன்பு மொத்த வியாபாரிகள் மூலமாக ஊர் ஊராகப் போயின. இப்போது வாட்ஸ்அப் குரூப் வழியாகவும் போகின்றன. மொத்த வியாபாரி குரூப்பில் போட்டோ போடுவார். ரீசெல்லர் அதை எடுத்து, தன் மார்ஜினைச் சேர்த்து, ஸ்டேட்டஸில் வைப்பார். ஆர்டர் வந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு, முகவரியை அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார். பார்சல் நேராக வாங்குபவர் வீட்டுக்குப் போய்விடும். ஸ்டாக் வேண்டாம், முதலீடு வேண்டாம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால், அதே போட்டோ இன்னும் நூறு பேர் ஸ்டேட்டஸிலும் இருக்கிறது. உங்களிடம் 850 ரூபாய்க்குப் பார்த்த புடவையை அடுத்த ஸ்டேட்டஸில் 790-க்குப் பார்க்கும் ஒருவர் ஏன் உங்களிடம் வாங்க வேண்டும்? உங்களுக்கும் அவருக்கும் விலை மட்டும்தான் வித்தியாசம் என்றால், யார் அதிகம் குறைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஆர்டர். கடைசியில் முப்பது ரூபாய் லாபத்துக்கு ராத்திரி பதினோரு மணி வரை 'ஹாய் சிஸ்' மெசேஜுக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இதிலிருந்து வெளியே வர பெரிய பட்ஜெட் தேவையில்லை. வந்த டிசைன்களில் உங்களுக்கே பிடித்த ஒன்றை, ஒரே ஒரு பீஸ், காசு கொடுத்து வாங்குங்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று, ஃபில்டர் இல்லாமல் வீடியோ எடுங்கள். பார்டர், முந்தி, பின்பக்கம் மூன்றையும் காட்டுங்கள். கையில் கசக்கிக் காட்டுங்கள். "போன்ல பார்க்குறதைவிட நேர்ல கலர் கொஞ்சம் டார்க்கா இருக்கும்" என்று உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். செமி சில்க் என்றால் செமி சில்க் என்றே சொல்லுங்கள், 'பட்டு' என்று இழுக்காதீர்கள். அந்த வீடியோ உங்களிடம் மட்டும்தான் இருக்கும். மற்ற நூறு பேரிடமும் இருப்பது குரூப் போட்டோ.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடும் ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கோங்க. இன்ஸ்டாவில் பிசினஸ் அக்கவுன்ட்டுகளுக்கு எல்லாப் பாடல்களும் கிடைக்காது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான பாட்டை விற்பனைக்குப் பயன்படுத்துவது காப்பிரைட் சிக்கல். ஆடியோ மியூட் ஆகி, நீங்கள் பேசியதும் சேர்ந்து காணாமல் போகலாம்.

அடுத்தது அந்த 'பிரைஸ் டி.எம்'. விலையைக் கேட்டு மெசேஜ் வந்தால் ரீச் ஏறும் என்று யாரோ கிளப்பிவிட்டது இது. வாங்குபவர் பக்கம் இருந்து யோசியுங்கள். நீங்களே ஒரு கடை வாசலில் நின்று, விலை கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்ததில்லையா? இணையத்தில் விற்பவர்கள் மொத்த விலையை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்பதுதான் 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின் நோக்கமும். கூரியர் சார்ஜையும் சேர்த்தே சொல்லிவிட்டால், 'ஷிப்பிங் தனியா?' என்று கேட்டுவிட்டு மாயமாகும் கூட்டம் பாதியாகக் குறையும்.

பூஸ்ட் பட்டனைத் தொடும் முன் ஒரு கணக்கு

ரீச் குறைந்தவுடன் கை தானாகவே அந்த நீலநிற பட்டனுக்குப் போகும். அதற்கு முன்னால் ஒரு பேப்பரை எடுங்கள். சும்மா ஓர் உதாரணம். 600 ரூபாய்க்கு வாங்கி 850-க்கு, கூரியர் இலவசமாக, விற்கிறீர்கள். கூரியருக்கு 60, பேக்கிங்குக்கு 20 போனால் கையில் நிற்பது 170 ரூபாய். விளம்பரத்துக்கு 2,000 ரூபாய் போடுகிறீர்கள். 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்து 2,360. நாற்பது பேர் மெசேஜ் பண்ணி, எட்டு பேர் வாங்குகிறார்கள். ஓர் ஆர்டரைக் கொண்டுவர ஆன செலவு 295 ரூபாய். அதாவது, ஒவ்வொரு புடவையிலும் 125 ரூபாய் நஷ்டம், மொத்தமாக 1,000 ரூபாய். ஆனால், நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருப்பதால் அன்றைக்கு வியாபாரம் சூப்பர் என்று தோன்றும்!

இப்போது அந்த எட்டு பேரில் ஆறு பேர் அடுத்த மாதம் விளம்பரமே இல்லாமல் திரும்பி வந்து ஆளுக்கு ஒன்று வாங்கினால் 1,020 ரூபாய் வரும். நஷ்டம் அடைபட்டு 20 ரூபாய் மிச்சம். மூன்றாவது முறை வாங்கும்போதுதான் உண்மையான லாபமே ஆரம்பிக்கிறது. திரும்பி வர ஆள் இல்லாத கடைக்கு விளம்பரம் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

அதனால் முதலில் உங்களின் கடைசி 50 ஆர்டர்களை எடுத்து, ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஐம்பதும் ஐம்பது புதுப் பெயர் என்றால் இந்த மாதம் பூஸ்ட் வேண்டாம். பொருளிலோ, பேக்கிங்கிலோ, பேச்சிலோ எங்கோ இடிக்கிறது. பழைய ஆட்கள் வருகிறார்கள் என்றால் தாராளமாகச் செலவழியுங்கள். ஆனால், இலக்காக 'புரொஃபைல் விசிட்ஸ்' என்பதை விட்டுவிட்டு 'மெசேஜஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஊரை நீங்களே குறிப்பிடுங்கள். திருச்சியில் கேக் செய்பவரின் விளம்பரத்துக்கு ஜெய்ப்பூரிலிருந்து வரும் லைக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடை உங்களுடையது, கட்டடம் அவர்களுடையது

2020 ஜூன் 29 ஞாபகம் இருக்கிறதா? டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்ட நாள். அதில் லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் வைத்திருந்தவர்கள் சில நாள்களில் பூஜ்யத்துக்கு வந்தார்கள். அடுத்த வருடம் அக்டோபர் 4-ம் தேதி இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து படுத்தன. சுமார் ஆறு மணி நேரம். வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, போனைக் கையில் எடுக்கும் நேரம் அது. ஆர்டர் குவிகிற நேரமும் அதுதான்.

தடையும் முடக்கமும் எப்போதாவது வருபவை. அக்கவுன்ட் ஹேக் ஆவது அடிக்கடி நடப்பது. 'நீங்கள் காப்பிரைட்டை மீறிவிட்டீர்கள், 24 மணி நேரத்தில் அக்கவுன்ட் நீக்கப்படும், இந்த லிங்க்கில் அப்பீல் செய்யுங்கள்' என்று கம்பெனி லோகோவோடு டி.எம் வரும். பதறிப்போய் பாஸ்வேர்டைப் போட்டால் கதை முடிந்தது. டூ ஃபேக்டர் ஆதென்டிகேஷனை இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் முன்பே ஆன் பண்ணிடுங்க.

ஃபாலோயர்ஸ் அந்தந்தக் கம்பெனியின் கையில் இருப்பவர்கள். வாடிக்கையாளரின் போன் நம்பர் உங்கள் கையில் இருப்பது. அதனால் வாங்கிய ஒவ்வொருவரின் பெயர், நம்பர், ஊர், வாங்கிய பொருள் நான்கையும் எழுதி வையுங்கள். கூகுள் ஷீட்டோ, நாற்பது பக்க நோட்டோ, எதுவானாலும் சரி. வாட்ஸ்அப்புக்குள்ளேயே மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் வாடகைக் கட்டடம்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். கேட்டலாக்கில் விலையோடு பொருளைப் போடலாம். 'பணம் வந்தது', 'பார்சல் போனது' என்று லேபிள் ஒட்டலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அதிகபட்சம் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால், உங்கள் நம்பரை சேவ் பண்ணி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்த மெசேஜ் போய்ச் சேரும். நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான். இருநூறு பேருக்கு அனுப்பிட்டோம் என்று நினைப்போம், இருபது பேருக்குத்தான் போயிருக்கும். பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். 'இந்த நம்பரை எங்க கடை பேர்ல சேவ் பண்ணிக்கோங்க, புது ஸ்டாக் வந்தா சொல்றோம்' என்று தமிழில் எழுதினால் போதும். கேட்காமல் குரூப்பில் இழுத்துப் போடுவதும், தினமும் குட்மார்னிங் அனுப்புவதும் வேண்டாம். நாலு பேர் பிளாக் பண்ணி ரிப்போர்ட் அடித்தால் நம்பரே முடங்கும்.

மற்றபடி, வாடிக்கையாளர் நேரில் வந்து வாங்கும் தொழில் என்றால் கூகுள் மேப்ஸில் கண்டிப்பாக இருங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு முகவரியை மறைத்து, சேவை செய்யும் ஏரியாவை மட்டும் காட்டவும் வசதி இருக்கிறது. 'பக்கத்தில் பிளவுஸ் தைக்கிற கடை' என்று தேடுபவர் ஏற்கெனவே பர்ஸோடு கிளம்பிவிட்டவர். கூரியரில் மட்டுமே விற்பவர்களுக்கு இது பொருந்தாது. ரிவ்யூ கேட்கலாம், ஆனால் ரிவ்யூவுக்கு டிஸ்கவுன்ட் கொடுப்பது கூகுள் விதிப்படி தப்பு.

பயத்தோடு வாங்குபவர்

ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை விதித்துவிட்டது. ஆனாலும் தீபாவளி நெருங்கினால் சிவகாசி பேரைச் சொல்லிப் போலி வெப்சைட்டுகள் முளைக்கின்றன. பணத்தைக் கட்டி ஏமாறுபவர்கள் இருக்கவே செய்கிறார்கள். அப்படி ஏமாந்த ஒருவர்தான் அடுத்த வாரம் உங்கள் முறுக்கு ரீலைப் பார்க்கிறார். "முதல்ல பணம் அனுப்புங்க" என்று நீங்கள் சொன்னதும் ஏன் காணாமல் போகிறார் என்று இப்போது புரிகிறதா?

அந்தப் பயத்தைக் குறைப்பதுதான் உங்கள் மார்க்கெட்டிங். முகம் காட்டப் பிடிக்கவில்லையா, குரலாவது கொடுங்கள். ஊர்ப்பேரை பயோவில் போடுங்கள். சாப்பாட்டுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு கட்டாயம். அந்த எண்ணை மறைக்காமல் பாக்கெட்டில் போடுங்கள். பார்சல் டிராக்கிங் நம்பரை அவர் கேட்கும் முன் அனுப்புங்கள். டேமேஜ் என்றால் என்ன செய்வீர்கள் என்பதை, பணம் வாங்கும் முன்பே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று பெரிய எழுத்தில் மிரட்டுவது உங்களுக்குப் பாதுகாப்பு மாதிரி தெரியலாம். புதிதாக வருபவருக்கு அது ஓடிவிடச் சொல்லும் போர்டு.

ஏமாற்று உங்கள் பக்கமும் வரும். போலி பேமென்ட் ஸ்கிரீன்ஷாட் இன்று சர்வசாதாரணம். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து பார்சல் கட்டாதீர்கள், உங்கள் பேங்க் கணக்கில் பணம் ஏறியதா என்று பாருங்கள். 'ராணுவத்தில் இருக்கேன், கேன்டீனுக்கு மொத்தமா வேணும், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்' என்று வரும் கால்களை அப்படியே கட் பண்ணுங்கள். பணம் வாங்க யு.பி.ஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஆர்டர் கூடும்போது பலரும் யோசிக்காத இன்னொன்று, ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கும் சின்ன வியாபாரிக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாகப் பதிவு தேவைப்படாது. ஆனால், வரிக்குட்பட்ட பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொருந்தாது, பதிவு வேண்டும். பெங்களூருக்கு மட்டுமில்லை, கடலூரிலிருந்து பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு அனுப்பினாலும் அது வெளி விற்பனைதான். கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று முதல் வெளிமாநில பார்சலைக் கட்டும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கோங்க.