"பேராசைக்காரன்தான் ஏமாறுவான்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஈபே போன்ற தளங்களில் பழைய பொருட்களை ஏலத்துக்கு விடும் பிள்ளைகள் நம்மில் பலர். அவர்களும் படிக்க வேண்டும், ஊரில் உட்கார்ந்து அவர்களுக்குப் புத்தி சொல்கிறவர்களும் படிக்க வேண்டும்.

போலி மின்னஞ்சலில் யாராவது பணத்தை இழந்தால் நம்மவர்கள் உடனே சொல்வது இரண்டு. ஒன்று, பேராசை. மற்றொன்று, "இவ்வளவு படிச்சும் அறிவில்லையா?" இரண்டுமே தவறு.

லாட்டரி விழுந்ததாக வரும் கடிதத்தை நம்புகிறவனை வேண்டுமானால் பேராசைக்காரன் என்று சொல்லுங்கள். விற்கிறவன் கதை வேறு. தன் பொருளை நியாயமான விலைக்கு ஏலத்தில் விட்டான், அவ்வளவுதான். வாங்கியவர்கள் போடும் மதிப்பீடுதான் அவனுக்கு முதல். "பணம் கட்டியாயிற்று, பொருள் எங்கே? புகார் கொடுத்துவிட்டேன்" என்று ஈபே பெயரில் ஒரு கடிதம் வந்தால் அயோக்கியன் தூங்கிவிடுவான். வாக்குத் தவறக் கூடாது என்று நினைக்கிறவனுக்குத்தான் கை நடுங்கும். பதில் சொல்ல அவசரமாகக் கீழே உள்ள பொத்தானை அழுத்துவான். அச்சு அசல் ஈபே போலவே ஒரு பக்கம் திறக்கும். கடவுச்சொல்லைத் தட்டுவான். அது திருடன் கைக்குப் போய்விடும். அந்தக் கணக்கை வைத்து, அவன் சம்பாதித்த நல்ல பெயரிலேயே, இல்லாத பொருளை இன்னும் நாலு பேருக்கு விற்பார்கள்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். "எழுத்துப்பிழை இருந்தால் போலி, இல்லாவிட்டால் அசல்" என்று ஒரு அறிவுரை வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிறது. 34 ஆண்டு சிவப்பு மையில் பிழை திருத்தியவன் சொல்கிறேன், அதைத் தூக்கி எறியுங்கள். இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நான் எழுதுவதை விடச் சுத்தமான ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தருகிறது. மறுபக்கம், இத்தாலியிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ வாங்குகிற உண்மையான வாடிக்கையாளர் தப்பும் தவறுமாகத்தான் எழுதுவார். இந்த விதிப்படி பார்த்தால் அவர் திருடன், திருடன் நல்லவன்!

அனுப்புநர் பெயரைப் பார்த்து நம்புவதும் அப்படித்தான். மின்னஞ்சல் அனுப்பும் அடிப்படை முறை 1982இல் வகுக்கப்பட்டது. அனுப்புகிறவன் உண்மையில் அவன்தானா என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. பிறகு சில தடுப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் அனுப்புநர் என்று திரையில் தெரியும் பெயரை எவனும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உறைமேல் 'கலெக்டர் அலுவலகம்' என்று நான்கூட எழுதலாமே!

இணைய முகவரியைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். தபால் முகவரியில் கதவு எண்ணும் தெருவும் முன்னால் வரும், ஊர் கடைசியில் வரும். இதுவும் அப்படியே. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'ஈபே டாட் காம்' என்று தொடங்கி, அதற்குப் பிறகு ஒரு புள்ளி வைத்து வேறு ஏதோ பெயரில் முடிந்தால், ஈபே என்பது வெறும் தெருப் பெயர். ஊர் திருடனுடையது.

என் பழைய மாணவன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவன் அனுமதியோடுதான். அமெரிக்காவில் இருக்கிறான், ஒரு கேமராவை விற்றான். வாங்கியவன் முதலில் கேட்டது இவனுடைய சொந்த மின்னஞ்சல் முகவரி. வம்பு அங்கேதான் தொடங்கியது. பிறகு பேபால் பெயரில் ஒரு கடிதம் வந்தது: "பணம் வந்துவிட்டது, ஆனால் நிறுத்தி வைத்திருக்கிறோம். பார்சலின் டிராக்கிங் எண்ணை அனுப்பினால் விடுவிப்போம்." புதிய விற்பனையாளரின் பணத்தைச் சில நாள் நிறுத்தி வைக்கும் வழக்கம் பேபாலில் உண்மையாகவே உண்டு, அதனால் பொய் நிஜம் போலத் தெரிந்தது. ஆனால் அப்படி நிறுத்திய பணம் உங்கள் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். கடிதத்தில் மட்டும் இருக்கும் பணம் பணமே இல்லை. இன்னொன்று: 2002இல் பேபாலை ஈபே வாங்கியது, 2015இல் இரண்டும் பிரிந்தன. இப்போது ஈபே விற்பனைப் பணத்தைத் தானே பெற்று விற்பவரின் வங்கிக் கணக்கில் போடுகிறது. வாங்குகிறவர் பேபாலில் கட்டினாலும் அப்படித்தான். ஆகவே ஈபே விற்பனைக்குப் பணம் வந்ததாக உங்களுக்குப் பேபால் கடிதம் வந்தாலே சந்தேகப்படுங்கள்.

மறுநாளே அவனுக்கு உறைத்துவிட்டது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சிரிப்பார்களே என்ற பயம். உள்நாட்டுப் பார்சல் கைக்குப் போய்ச் சேரும் முன் கட்டணம் கட்டி அதை வழியிலேயே நிறுத்தும் வசதி அமெரிக்கத் தபால் துறையில் இருக்கிறது. அன்றைக்கே வாய் திறந்திருந்தால் கேமராவை மீட்க ஒரு வழி இருந்தது. நான்கு நாள் கழித்துச் சொன்னான், அதற்குள் பார்சல் போய்ச் சேர்ந்திருந்தது. கேலி செய்கிறவர்களே, உங்கள் சிரிப்பு யாருக்கு உதவுகிறது என்று இப்போதாவது பாருங்கள்.

நிறுவனங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. எனக்குக் கணக்கு இருக்கும் வங்கி (பெயர் வேண்டாம்) திங்கட்கிழமை "இணைப்பை அழுத்தாதீர்கள்" என்று எச்சரிக்கும். புதன்கிழமை "விவரங்களைப் புதுப்பிக்க இங்கே அழுத்துங்கள்" என்று எழுதும். பாடத்தை ஒருமாதிரி நடத்திவிட்டுத் தேர்வில் வேறுமாதிரி கேட்கும் வாத்தியாரை என்ன செய்வது?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கடிதம் காட்டும் வாசலில் நுழையாதீர்கள், உங்கள் வாசலால் போங்கள். முகவரியை நீங்களே தட்டி, ஈபேயில் உள்ள 'செய்திகள்' பகுதியைப் பாருங்கள். உங்கள் கணக்கு பற்றி ஈபே உண்மையில் அனுப்பியதென்றால் அதன் நகல் அங்கே இருக்கும். இல்லையா, குப்பை.

ஊரில் இருப்பவர்கள் "நமக்கு ஈபே இல்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம். இங்கே பழைய சோபாவை விற்க விளம்பரம் போட்டால், "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்று ஒருவன் வருவான். யுபிஐ-யில் பணம் வாங்கப் பின் தேவையே இல்லை, கொடுக்க மட்டும்தான். போட்டுத் தொலைத்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

சந்தேகமான கடிதம் வந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், இரவு பத்து மணியானாலும் பார்க்கிறேன். இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். திறக்க மாட்டேன்.