கையெழுத்து போடுவது யார்?

14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை இலவசமாக, படிப்படியாகப் போடப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் அறிவித்தது. இதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தனியாரிடம் போட்டால் ஆயிரக்கணக்கில் செலவாகும் ஊசி இது. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களால் அதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே இந்தத் திட்டத்தை நாம் வரவேற்கிறோம்.

வரவேற்கும்போதே ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஒப்புதல் படிவம் வந்தால், அதில் கையெழுத்து போடப்போவது பெற்றோரா, விடுதிக் காப்பாளரா?

இது சின்ன விஷயம் இல்லை. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இதே நோய்க்கான தடுப்பூசியை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் சேர்ந்து நடத்தின. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி போடப்பட்டது. கம்மத்தில் இவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். 7 பேர் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது.

அந்த மரணங்களுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. இதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அதே விசாரணையில் வேறொன்று வெளிப்பட்டது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-ல் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களுமே கையெழுத்து போட்டிருந்தார்கள். 1,948 படிவங்களில் இருந்தது கைநாட்டு. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கொடுத்த அறிக்கை இதைக் கடுமையாகக் கண்டித்தது. பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியாமலேயே பிள்ளையின் கையில் ஊசி ஏறியது என்பதுதான் இதன் பொருள்.

டெல்லியும் திண்டுக்கல்லும்

பெண்களின் கருப்பைவாய்ச் சதையை வைத்து நடந்த ஆய்வுகளில் இது முதல் தவறு அல்ல. 1976 முதல் 1988 வரை டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம் ஒன்று 1,158 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களின் கருப்பைவாய்ச் செல்களில் மாற்றம் தொடங்கியிருந்தது. அந்த மாற்றம் எப்போது புற்றுநோயாகிறது என்று பார்ப்பதற்காக அவர்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் காத்திருந்தார்கள். எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் வாங்கவில்லை. 71 பேருக்குப் புற்றுநோய் வந்தது. 1997-ல் பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்த பிறகு நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. ஆராய்ச்சிக் கழகம் 2000-ல் விரிவான ஆய்வு நெறிமுறைகளை வெளியிட்டது.

நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-க்குப் பிறகு நடந்த ஆய்வு வேறு மாதிரி. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையால் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று சோதித்தார்கள். ஒரு பிரிவுப் பெண்களுக்குச் சோதனை செய்தார்கள். இன்னொரு பிரிவுக்குச் செய்யவில்லை. சோதனை செய்யப்பட்ட பிரிவில் இந்நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியானது. இதனால் நன்மை விளைந்தது உண்மை. அந்தக் காலத்திலேயே தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு இந்தச் சோதனையைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது.

ஆனால் சோதனை கிடைக்காத பிரிவின் கதி? மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் சேர்த்துச் சோதனை கிடைக்காத பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் குறைந்தது 254 பேர் இந்த நோயால் இறந்ததாக எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் 2014-ல் இந்திய மருத்துவ நெறிமுறை இதழில் எழுதினார். நாட்டில் சோதனைத் திட்டமே இல்லாதபோது யாருக்கும் எதையும் மறுக்கவில்லை என்று ஆய்வை நடத்தியவர்கள் பதில் சொன்னார்கள்.

இந்தப் பதிலைத்தான் நாம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் தெருவுக்கு ஆஸ்பத்திரி வரவில்லை, அதனால் எங்கள் ஆய்வில் உங்களுக்கு ஒன்றும் தராததில் தவறில்லை என்கிறது அந்தப் பதில். ஏற்கெனவே மறுக்கப்பட்டவர்கள் என்பதே மறுபடியும் மறுப்பதற்குக் காரணமாகிறது. குடிதண்ணீரிலும் சுடுகாட்டுப் பாதையிலும் நாம் கேட்டுப் பழகிய நியாயம்தான் இது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1951-ல் பால்டிமோர் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து கொஞ்சம் சதையை அவரைக் கேட்காமல் எடுத்தார்கள். அவர் 31 வயதில் இறந்துபோனார். அவருடைய செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. போலியோ தடுப்பூசி ஆய்வுக்கு அவை உதவின. குடும்பத்துக்கோ பல ஆண்டுகள் விஷயமே தெரியாது. அந்தச் செல்களை விற்ற ஒரு நிறுவனத்தோடு குடும்பத்தின் வழக்கு சமரசத்தில் முடிந்தது 2023-ல்தான்.

ஊசியை மறுக்க அல்ல

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்துவிடக் கூடாது. இப்போது வருவது ஆய்வு அல்ல. பல நாடுகளில் போட்டுப் பலன் உறுதியான தடுப்பூசி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. பயந்து ஒதுங்கினால் இழப்பு நமக்குத்தான்.

நாம் கேட்பது மூன்றே விஷயம். விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே கையெழுத்து போட வேண்டும். காப்பாளர் போடக் கூடாது. அதற்காகப் பெற்றோரை வரவழைத்தால் அன்றைய கூலி போகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே கூட்டம் போட்டு விளக்க வேண்டும். படிவம் தமிழில், படித்துக் காட்டக்கூடிய அளவில் இருக்க வேண்டும். பிள்ளையிடமும் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். கழகத்தின் 2017 நெறிமுறைகள் ஆய்வுகளுக்கு 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கச் சொல்கின்றன. ஆய்வுக்குப் பொருந்தும் மரியாதை அரசுத் திட்டத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது, நம் அம்மாக்களுக்கானது. ஆஸ்பத்திரியில் சதை எடுத்தால், எதற்கு எடுக்கிறீர்கள், சிகிச்சைக்கா ஆய்வுக்கா, மீதி எங்கே போகும் என்று கேட்டால், எரிந்து விழாமல் பதில் சொல்ல வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அம்மாவோடு போய் நில்லுங்கள். படிவத்தை வாங்கி முழுவதும் படித்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அம்மா கையெழுத்து போடட்டும்.