சுவரில் மாட்டிய புனிதர்

"நீங்கள் கிறிஸ்தவர் இல்லையே, ஐயா, கத்தோலிக்கப் புனிதர்களைப் பற்றி உங்களுக்கு என்ன அக்கறை?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஓசூரில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்லிவிட்டு அவருக்குப் பதில் சொல்லுகிறேன்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. குடியிருக்க இடம் தேடி இருவரும் ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். காப்பி கொடுத்து உபசரித்தார். கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படம். பக்கத்திலேயே, கைகால்களில் விலங்குடன் முழந்தாளிட்டு ஜெபிக்கும் ஒரு மனிதரின் படம். அதற்குப் புது மாலை.

"தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். பையன் சொன்னான். "ஊரில் எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னான். சற்று நேரம் மௌனம். பிறகு, பெங்களூரிலிருந்து மைத்துனர் குடிவரப் போவதாகவும், அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் வருத்தத்தோடு தெரிவித்தார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

சுவரில் விலங்கோடு இருந்தவர் யார் தெரியுமா? தேவசகாயம். 1712-ல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை உத்தியோகஸ்தர். குளச்சல் போரில் சிறைப்பட்ட டிலனாய் என்ற டச்சுத் தளபதியின் நட்பால் மனம் மாறி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லோரும் சமம் என்று வற்புறுத்தினார். 1749-ல் சிறைப்பட்டார், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். தண்டனைக்கு வேறு காரணம் சொல்லும் சரித்திரக்காரர்களும் உண்டு. அந்த வழக்கு அவர்களோடு இருக்கட்டும். திருச்சபை அவரை எதற்காகக் கொண்டாடுகிறது என்பதுதான் இங்கே பேச்சு. 2022 மே 15-ல் ரோமாபுரியில் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்பே, ஆட்சேபங்களைக் கேட்டு, அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் எடுத்துவிட்டது.

ரோமாபுரி எடுத்துவிட்டதை ஓசூர் வீட்டுக் கூடம் எடுக்கவில்லை!

இது இன்று நேற்று வந்த வியாதியல்ல. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் எழும்பிய கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். 1910-ல் குருமார்கள் அந்தத் தடுப்பை அகற்றியபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள் பக்தர்கள்.

"இந்து வீடுகளில் மட்டும் இது இல்லையா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இல்லாமல் என்ன? நந்தனார் சரித்திரத்தைக் காலட்சேபத்தில் கேட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, வீடு திரும்பி, வேலைக்காரிக்குத் தனித் தம்ளர் வைத்தவர்கள் என் உறவிலேயே உண்டு. அவர்களையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

நாம் புனிதர்களைச் சிபாரிசுக்காரர்களாக ஆக்கிவிட்டோம். காணாமற்போன சாவிக்கு அந்தோணியார். கைவிட்டுப்போன காரியத்துக்கு யூதா ததேயு. நோயுற்ற குழந்தைக்காக மெழுகுவர்த்தி ஏற்றும் தாயிடம் நான் தர்க்கம் செய்ய மாட்டேன். ஆனால் மனுக் கொடுப்பதோடு பக்தி முடிந்துவிட்டால், அந்த மனிதர் பட்ட பாடெல்லாம் எதற்கு? அவரைப் போல் நடக்கச் சொல்லித்தானே திருச்சபை அவரை முன்மாதிரியாக நிறுத்துகிறது?

தேவசகாயம் என்னைக் கவர்வதற்குக் காரணம் உண்டு. அவர் குருவல்ல, துறவியல்ல. மனைவியோடு குடும்பம் நடத்தியவர், உத்தியோகம் பார்த்தவர். 'அதெல்லாம் சந்நியாசிகளுக்கு' என்று நாம் நழுவ அவரிடம் இடமில்லை. மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கென்றே வந்த புனிதர் அவர்.

ஓசூருக்கு அவர் இன்னும் பொருத்தமானவர். 1970-களில் தொழிற்பேட்டை வந்த பிறகு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஏற்கெனவே கலந்திருந்த இந்த எல்லை ஊருக்கு இந்தியும் ஒரியாவும் வந்து சேர்ந்தன. ஒரே இயந்திரத்தில் காலை ஷிப்டில் ஒருவன், இரவு ஷிப்டில் இன்னொருவன். இயந்திரம் யாரிடமும் தெருப் பெயர் கேட்பதில்லை. 1955-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார். தச்சர் ஒருவரைப் பீடத்தில் வைத்துக் கும்பிடுகிறோம். அவரைப் போல் கையால் உழைப்பவன் வாசலில் வந்து நின்றால் தெருவை விசாரிக்கிறோம்.

கேள்வி கேட்ட வாசகருக்கு என் பதில் இதுதான். நல்ல மனிதர் ஒருவரிடம் பாடம் கற்க எனக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் தேவையில்லை. கற்றுக்கொள்ளாமல் மாலை மட்டும் போடுகிறவருக்கோ, அந்தச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

பையன் இப்போது எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில், நான்கு பேரோடு ஒரே அறையில் இருக்கிறான். தினமும் பஸ் ஏறி ஓசூருக்கு வேலைக்கு வருகிறான். அன்று அந்த வீட்டுப் படியிறங்கும்போது, "அந்தப் படத்தில் இருக்கிறவர் யார், சார்?" என்று என்னைக் கேட்டான். எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்காரரே, தேவசகாயத்தைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். கேள்வியை விட முடியாது என்றால், தயவுசெய்து படத்தைக் கழற்றிவிடுங்கள்.