புள்ளியா, பளபளப்பா? மைசூர் மைப்படிகளும் கேமரா வடிகட்டியும்

தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் அவை எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகையிலிருந்து மைசூருக்கு வந்தது. அங்கிருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. இடம் பற்றிய கேள்வி முக்கியமானதே. ஆயினும் படிகள் மின்னுருவாகும்போது, ஆய்வாளருள் பெரும்பாலோர் காணப்போவது ஒளிப்படத்தைத்தான். அப்படம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

மைப்படியில் கல்லின் மேற்பரப்பு கருமையாகவும், வெட்டுண்ட எழுத்து வெண்மையாகவும் பதியும். எனவே மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு சிறு வெண்பொட்டாகவே தெரியும். பழங்கல்வெட்டுகளில் புள்ளி சில இடங்களில் உண்டு. பல இடங்களில் இல்லை. அது எங்கே இடப்பட்டது, எங்கே விடப்பட்டது என்பது எழுத்து வரலாற்றுக்கு அடிப்படைச் சான்று.

மைப்பரப்பு விளக்கொளியை எதிரொளித்தால், கல்லில் இல்லாத வெண்பொட்டுகள் படத்தில் தோன்றக்கூடும். இதைத் தவிர்க்கவே போலரைசிங் ஃபில்டர் எனும் தளவிளைவு வடிகட்டி பயன்படுகிறது. மை, எண்ணெய் தடவிய ஓலை, கண்ணாடி முதலிய உலோகமல்லாத பரப்புகளில் சாய்வாகப் பட்டு மீளும் ஒளி, பெருமளவு ஒரே தளத்தில் அதிர்வது. வடிகட்டியைத் தக்கவாறு சுழற்றினால் அவ்வொளி தடைபடும். செப்பேட்டுக்கு இது போதாது. விளக்கின் முன்னும் தளவிளைவுத் தாளை வைத்து, லென்ஸின் வடிகட்டியை அதற்குச் செங்குத்தாகத் திருப்ப வேண்டும்.

ஆனால் வடிகட்டி, லென்ஸின் முன் மேலும் இரு கண்ணாடிப் பரப்புகளைச் சேர்க்கிறது. பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மீது படும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். பக்கவிளக்கின் ஒளி நேரே லென்ஸில் விழுந்தால், அது இப்பரப்புகளுக்கிடையே தெறித்து, படம் முழுவதும் வெண்திரையாகப் படரும். இதுவே லென்ஸ் ஃபிளேர். கருமை சாம்பலாகும், நுண்புள்ளி கரையும். எதிரொளிப்பு இல்லாத புள்ளியை உண்டாக்குகிறது. ஃபிளேர் இருக்கும் புள்ளியை விழுங்குகிறது. முன்னதைத் தீர்க்கும் வடிகட்டியே பின்னதற்கு வழிதிறக்கிறது.

இதைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பல அடுக்குப் பூச்சுள்ள வடிகட்டி ஒன்று போதும். அதன்மேல் வேறு வடிகட்டிகளை அடுக்கலாகாது. கண்ணாடியில் விரலடையாளம் இருத்தலாகாது. லென்ஸுக்கு ஹூட் வேண்டும். விளக்கின் ஒளி லென்ஸில் விழாதவாறு இடையே ஒரு கருப்பு அட்டையை நிறுத்த வேண்டும். அட்டையை வைத்ததும் படத்தின் கருமை ஆழ்ந்தால், அதுவரை ஃபிளேர் இருந்தது என்று பொருள். படத்தின் ஓரத்தில் கருப்பு வெல்வெட் துண்டொன்றையும் சேர்த்து எடுத்தால், பிற்கால ஆய்வாளரும் இதைச் சரிபார்க்கலாம்.

எல்லா எதிரொளிப்பையும் நீக்குவதும் நன்றன்று. செப்பேட்டில் வெட்டின் ஆழத்தைக் காட்டுவன சாய்வொளி தரும் நிழலும் மினுக்கமுமே. ஆகவே வடிகட்டியுடன் ஒன்று, வடிகட்டியின்றி ஒன்று என இரு படங்கள் தேவை.

பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைக் குறிப்பதுபோல, மின்னுருவாக்கும் நிறுவனமும் ஒவ்வொரு படத்தோடும் விளக்கின் கோணம், வடிகட்டியின் வகை ஆகியவற்றை வெளியிட வேண்டும். கல்வெட்டியல், மொழியியல் மாணவர்க்கு அக்குறிப்பைப் படிக்கும் பயிற்சியும் வேண்டும். படிகள் மைசூரில் இருப்பினும் சென்னையில் இருப்பினும் இக்கடமை மாறாது. அக்குறிப்பில்லாத படத்தை மட்டும் கொண்டு புள்ளியின் வரலாற்றை எழுதுவது, சுவடியைப் பாராமல் பாடம் கொள்வதற்கு ஒப்பாகும்.