இறங்கின பிறகு காப்பி

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மூத்த மகன் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வலது கணுக்காலில் பெரிய கட்டு. உள்ளே ஒரு தகடும் ஐந்து திருகாணிகளும் இருக்கின்றன. வயது இருபத்தாறு. சிங்கப்பூரில் புது வேலை கிடைத்து இரண்டே மாதம். தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து வேலை பார்க்க முதலாளி எத்தனை நாள் விடுவார் என்பது அவனுக்கும் தெரியாது.

"பெரியம்மா, பார்க்க வர்றவங்க எல்லாரும் எந்த மலைன்னு கேக்குறாங்க. லம்பாக்னு சொன்னா சிரிக்கிறாங்க," என்றான்.

சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. குளுவாங்காரர்களுக்கு குனோங் லம்பாக் வீட்டுக் கொல்லை மாதிரி. 510 மீட்டர்தான். காலையில் ஏறி இறங்கிவிட்டுக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிடுகிற பெரியவர்கள் அங்கே உண்டு. ஜப்பான் சிலிப்பரில் ஏறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த மலையில்தான் இவன் கால் உடைந்து, இரவு பத்தேகாலுக்குத் தூக்குப் படுக்கையில் கீழே வந்தான்.

"எதிர்பாராத விபத்து" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு நடந்ததை அவன் வாயாலேயே மணி மணியாகச் சொல்லச் சொன்னேன். எந்த இடத்தில் எதிர்பாராதது வந்தது என்று பார்க்க ஆசை.

நான்கு நண்பர்கள். திட்டப்படி எட்டு மணிக்கு மலையடியில் இருக்க வேண்டும். வாரம் ஐந்து நாளும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பாலம் கடந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள். சனிக்கிழமை ஒருவன் அசந்து தூங்கிவிட்டான். ஜொகூர் பாருவை விட்டுக் கிளம்பும்போதே ஒன்பதரை. குளுவாங் வரைக்கும் வந்துவிட்டு ரயில் நிலையக் காப்பி குடிக்காமல் போவதா? அங்கே ஒரே கூட்டம். ஏறத் தொடங்கும்போது மணி ஒன்று. உச்சியில் மூன்றேகால். படம் எடுத்தார்கள். இடி முழங்கியது. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நாலரை மணிவாக்கில் நனைந்த வேர் ஒன்றில் கால் வைத்தான். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, பாதம் வேரிடுக்கிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். மூன்று பேர் சேர்ந்து அவனைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? "ஒரு திருப்பம் தாண்டினோம் பெரியம்மா, அவ்வளவுதான்." செங்குத்தான சேற்றுப் பாதையில் எழுபது கிலோ ஆளைத் தூக்குவது ஆஸ்பத்திரி வராந்தாவில் தூக்குவது மாதிரி இல்லை. அந்த இடத்தில் கைப்பேசிக்கு அலை கிடைக்கவில்லை. இரண்டு பேர் மறுபடி மேட்டுக்கு ஏறி, ஆறு மணி சுமாருக்கு 999க்குப் பேசினார்கள். அப்போது அந்தக் கைப்பேசியில் மின்சாரம் ஆறு விழுக்காடு. காலையிலிருந்து பாட்டும் படமும் ஓடிக்கொண்டிருந்த கைப்பேசி.

பொம்பா வீரர்கள் வந்து சேரும்போது நல்ல இருட்டு. தலைவிளக்கு இவர்களிடம் ஒன்றுகூட இல்லை. வலியைவிட குளிர்தான் தாங்கவில்லை என்றான் பையன். நம் ஊரில் குளிரா என்று கேட்காதீர்கள். நனைந்த பருத்திச் சட்டையோடு, காற்றில், அசையாமல் நான்கு மணி நேரம் கிடந்தால் வெப்ப நாட்டிலும் பல் கிட்டும். இரண்டு வெள்ளி நெகிழி மழைச்சட்டை ஒன்று பையில் இருந்திருந்தால் பாதி நடுக்கம் குறைந்திருக்கும்.

இதில் எதிர்பாராதது என்று நான் ஒப்புக்கொள்வது அந்த ஒரு வேரை மட்டும்தான். கால் வழுக்குவது யாருக்கும் நடக்கும். மற்றதெல்லாம் காலை ஒன்பதரைக்கே முடிவாகிவிட்டது.

நம் ஜொகூரில் ஆண்டு முழுதும் சூரியன் ஏழு மணிவாக்கில்தான் மறைகிறது. அது டாங்கா பேயில் நின்று பார்க்கிறவருக்கு. மரங்கள் கூரை போட்ட காட்டுக்குள் ஆறு மணிக்கே பாதை மங்கிவிடும். ஒருவர் கால் பிசகினால் ஒரு மணி நேர இறக்கம் மூன்று, நான்கு மணி நேரமாகிவிடும். ஆக, எவ்வளவு சின்ன மலையானாலும் இரண்டு மணிக்குள் கீழே வந்துவிடுகிற மாதிரி கணக்குப் போட வேண்டும். மத்தியான இடி மழைக்கும் அதே கணக்குச் சரியாக வரும். எத்தனை மணிக்கு ஏறுவது என்று மட்டும் பேசிவைக்காமல், எத்தனை மணி ஆனால் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவது என்பதையும் வீட்டிலேயே பேசிவைக்க வேண்டும். உச்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதை முடிவுசெய்ய உட்கார்ந்தால், யாரும் திரும்ப மாட்டார்கள். நானும் திரும்ப மாட்டேன்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பி, இடி இறங்குமுன் பாலை நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் குமிழ் குமிழாக இருக்கும். அதே சப்பாத்தைத்தான் இன்றைக்கு "கம்போங் அடிடாஸ்" என்று பெயர் வைத்து மலையேறும் இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். சேற்றில் அது நன்றாகப் பிடிக்கும், விலையும் மலிவு. சப்பாத்தை எடுத்துக்கொண்டார்கள், அம்மாவின் நேரக் கணக்கைத்தான் விட்டுவிட்டார்கள்.

கால் உடைவது ஒரு வகை. தண்ணீர் வருவது இன்னொரு வகை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

கூலாய் பக்கத்து குனோங் பூலாய் உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். 654 மீட்டர். உச்சியில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரம் வரைக்கும் தார்ச்சாலை போகிறது. அடிவாரத்தில் ஓடை, அணை, நிழல். பார்த்தால் ஒரு பெரிய பூங்கா என்றுதான் தோன்றும். 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமெய் என்ற புயல் ஜொகூரின் கிழக்குக் கரையில் ஏறியது. நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை பாகை வடக்கே உருவான புயல் அது. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் புயல் உருவாகாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. பூமியின் சுழற்சி காற்றுக்குக் கொடுக்கும் திருப்பம் அங்கே அவ்வளவு குறைவு. மக்காவ் கொடுத்த பெயராம், ஒரு பாட்டுப் பறவையின் பெயர். அந்தப் பறவை கொட்டிய மழையில் குனோங் பூலாயின் சரிவு பெயர்ந்தது. பாறையும் மரமும் சேறும் ஓடை வழியே கீழே இறங்கின. அடிவாரத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பொழுதுபோக்கு வனம் மூடியே கிடந்தது.

தேதியைக் கவனித்தீர்களா? கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டுக்கு முந்திய வாரம். நமக்கு விடுமுறை கிடைக்கிற காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவை மழைக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். "லீவு கிடைக்கிறப்பதான் மூடுறாங்க" என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றைக் கேட்டுத்தான் மூடுகிறார்கள்.

ஆனால் பருவமழை இல்லாத மாதம் என்றால் பயமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2023 மே 20ஆம் தேதி, திரெங்கானு கெமாமான் பக்கத்து நீர்வீழ்ச்சி ஒன்றில் குடும்பமாகக் குளிக்கப் போன பத்துப் பேரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. மலாய்க்காரர்கள் இதைக் "கெபாலா ஆயர்" என்கிறார்கள், தண்ணீரின் தலை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மழை மேலே, நீங்கள் பார்க்காத மலையில் பெய்திருக்கும். அந்தத் தண்ணீர் குறுகிய பள்ளத்தாக்கில் ஒன்றாகச் சேர்ந்து சுவர் மாதிரி இறங்கும். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், லாரி வருகிற மாதிரி இரைச்சல் கேட்டால், யோசிக்க நேரம் கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையின் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடாதீர்கள். சோற்றுப் பானை, பாய், கைப்பேசி எல்லாம் போகட்டும். கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்குப் போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, எனக்கு ஒரு பழக்கம்: பாயை விரிக்குமுன் ஏறி ஓட வழி எது என்று பார்த்துவிடுவேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார், செய்யட்டும்.

தண்ணீர் அதிகமாக வருவது இப்படி. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போவதும் உண்டு. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1854இல் நம் குனோங் லேடாங்கில் ஏறினார். அப்போது வெள்ளைக்காரர்கள் அதை ஓபிர் மலை என்பார்கள். மேலே ஓரிடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனார். கிடைக்கவில்லை. கடைசியில் குடுவைச் செடியின் குடுவைக்குள் பூச்சிகளோடு தேங்கியிருந்த தண்ணீரைக் குடித்துத் தாகம் தீர்த்ததை அவரே எழுதியிருக்கிறார். 170 ஆண்டு கழித்தும் ஒரே ஒரு அரை லிட்டர் போத்தலோடு லேடாங் ஏற வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி, பலரும் விட்டுவிடுகிற ஒரு சங்கதி. காட்டு விபத்து காட்டை விட்டு வந்ததும் முடிந்துவிடுவதில்லை. 2010இல் பகாங், மாரானில் உள்ள லூபோக் யூ என்ற இடத்தில் ஒருவர் நீரில் மூழ்கினார். அவரைத் தேடத் தண்ணீரில் இறங்கியவர்களுக்கும் கிராமத்தவர்களுக்கும் பிறகு காய்ச்சல் வந்தது. மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி நோய். சிலருக்கு அதோடு எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும். தேடப் போன இடத்தில் வந்த நோயால் உயிர்கள் போயின. இந்த மண் கிருமி சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகமாகத் தாக்கும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எது? கீறல், அட்டை கடித்த புண், தோல் உரிந்த குதிகால் இருந்தால் சேற்றிலும் ஓடையிலும் இறங்காதீர்கள், அல்லது நன்றாக மூடிக்கட்டி இறங்குங்கள். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே "டாக்டர், நான் காட்டுக்குப் போயிருந்தேன், ஓடையில் குளித்தேன்" என்று சொல்லிவிடுங்கள். டெங்கி என்று நினைத்து நாளைக் கடத்தாமல், எலிக்காய்ச்சல், குரங்கு மலேரியா எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்.

பாம்பைப் பற்றிக் கேட்பீர்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, அந்தக் கையையோ காலையோ அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் நான் பாம்பைவிடக் குளவிக்குத்தான் அஞ்சுகிறேன். கூடு கலைந்தால் நின்று கையை வீசாமல் ஓடிவிட வேண்டும். கொட்டியபின் முகம் வீங்கி மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

இத்தனையும் சோபாவில் கிடந்தவனிடம் நான் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் அம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. காது அவ்வளவாகக் கேட்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பையன் மெதுவாகச் சொன்னான். கால் சரியானதும் லேடாங் போக வேண்டுமாம். 1,276 மீட்டர், கயிறும் ஏணியும் பிடித்து ஏற வேண்டிய மலை. அங்கே பதிவு செய்யாமல், வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தங்கை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "இன்னும் புத்தி வரலையா உனக்கு?"

அம்மா இடிப்பதை நிறுத்தினார். "எத்தன மணிக்குக் கெளம்புவ?"

"ஆறு மணிக்கு வாசல்ல இருப்போம் பாட்டி."

"எத்தன மணிக்குத் திரும்புவ?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் தட்டினான். எனக்கும் காட்டினான்: "லேடாங். அடுத்த வருஷம், மழை இல்லாத மாசம். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, ஒரு மழைச்சட்டை. பன்னிரண்டு மணி ஆச்சுன்னா எங்க நின்னாலும் திரும்புறோம்."

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அன்றைக்கு அசந்து தூங்கியவன்தான். "காப்பி?"

"இறங்கின பிறகு," என்று இவன் போட்டான்.