எது ஆண்டவர் சித்தம்?

"எல்லாம் ஆண்டவர் சித்தம்."

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் சொல் இது. மழை பொய்த்தால் இந்தச் சொல். மகனுக்கு வேலை போனால் இந்தச் சொல். துக்க வீட்டுத் திண்ணையிலும் இந்தச் சொல்.

நல்ல சொல்தான். அழுகிற நெஞ்சுக்கு ஆறுதல் தரும் சொல். ஆனால் இதை எங்கே சொல்ல வேண்டும், எங்கே சொல்லக் கூடாது என்று நாம் யோசிக்கிறோமா?

மாந்தோப்பு சொல்லும் பாடம்

கிருஷ்ணகிரி மாம்பழத்துக்குப் பேர் போன சீமை. மார்கழி, தை மாதங்களில் மாமரம் பூக்கிறது. விவசாயி மருந்து அடிக்கிறார். தண்ணீர் பாய்ச்சுகிறார். இரவில் காவல் இருக்கிறார். பூத்த நேரத்தில் மழை கொட்டினால் பூ கருகுகிறது. பிஞ்சு பிடித்தபின் சூறைக்காற்று அடித்தால் பிஞ்சு உதிர்கிறது.

காற்றை யார் நிறுத்த முடியும்? தம்மால் ஆனதை எல்லாம் செய்துவிட்டு, "ஆண்டவர் சித்தம்" என்று அந்த விவசாயி சொன்னால், அது விசுவாசம். அடுத்த ஆண்டு மறுபடியும் தோப்புக்குப் போகும் தெம்பை அந்தச் சொல் அவருக்குத் தருகிறது.

2025-ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தது வேறு. மரத்தில் காய் இருந்தது. ஆனால் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் 'பெங்களூரா' ரகத்தின் விலை சரிந்துவிட்டது. பறிக்கிற கூலிக்காவது கட்டுமா என்று விவசாயிகள் கலங்கினார்கள்.

இதுவும் ஆண்டவர் சித்தமா? விலை வானத்தில் இருந்து விழுவதில்லை. மனிதர்கள் பேசி முடிவு செய்வது அது. அதற்கு மனுக் கொடுக்கலாம், கூடிப் பேசலாம், நியாயம் கேட்கலாம். அதைச் செய்யாமல் ஆண்டவர் மேல் பழியைப் போடுவது பக்தி ஆகாது.

தொழிற்சாலையிலும் இதே கணக்கு

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூரின் முகமே மாறியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லை ஊர் இது. இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஷிப்டுச் சங்கொலிக்கு எழுந்து, ஷிப்டுச் சங்கொலிக்குப் படுக்கின்றன.

ஒரு தொழிலாளிக்கு இயந்திரத்தில் கை நசுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். போன விரல் போனதுதான். அந்த வேதனையைத் தாங்க ஆண்டவர் துணை வேண்டும். ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தடுப்பு இல்லாமல் விட்டது யார்? அது மனிதன் செய்த தவறு. அதைச் சரி செய்யும்படி கேட்காவிட்டால், நாளை அடுத்த தொழிலாளியின் விரல் போகும்.

வயது வராத பெண்ணுக்கு மாலை போட்டுவிட்டு, "அவளுக்குக் கடவுள் போட்ட முடிச்சு" என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். 18 வயது ஆகாத பெண்ணுக்குத் திருமணம் செய்வதை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் குழந்தைக்கு உதவி வரும். அந்த முடிச்சைப் போட்டது கடவுள் அல்ல, பெரியவர்கள்.

ஏசுநாதர் காட்டிய வழி

கெத்சமனித் தோட்டத்தில் ஏசுநாதர் என்ன செய்தார்? துன்பம் வரப்போவது தெரிந்ததும் அவர் மனம் கலங்கியது. முடியுமானால் அந்தத் துன்பத்தை அகற்றும்படி பிதாவிடம் வாய்விட்டுக் கேட்டார். அதன் பிறகுதான் பிதாவின் சித்தத்துக்குத் தம்மைக் கொடுத்தார்.

ஆகவே, கேட்பது குற்றம் அல்ல. அழுவது அவிசுவாசம் அல்ல. தம்மிடம் வந்த நோயாளிகளிடம், "இது கடவுள் சித்தம், பொறுத்துக்கொள்" என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பவில்லை. குணமாக்கி அனுப்பினார்.

நட்டாலத்துப் புனிதர்

கண் முன்னே ஒரு சான்று வேண்டுமா? நம் தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் போவோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் நீலகண்டன். மனைவியோடு குடும்பம் நடத்தியவர். திருவாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர்.

அவருக்குச் சோதனை வந்தது. கால்நடைகள் மாண்டன. பயிர் அழிந்தது. செல்வம் கரைந்தது. மனம் ஒடிந்திருந்த அவருக்கு, டி லனாய் என்ற டச்சுத் தளபதி யோபுவின் கதையைச் சொன்னார். அந்தத் தளபதியும் இடி விழுந்தவர்தான். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுக் கைதியானவர். பிறகு அந்த அரசரின் படைக்கே பயிற்சி கொடுத்தவர்.

யோபு நல்லவன். ஆனாலும் மந்தையை இழந்தான், மக்களை இழந்தான், உடல் நலத்தையும் இழந்தான். "நீ பாவம் செய்திருப்பாய்" என்று நண்பர்கள் குத்திக் காட்டினார்கள். கடைசியில் கடவுள் கண்டித்தது அந்த நண்பர்களைத்தான்! துன்பம் வந்தவன் எல்லாம் தண்டனை பெற்றவன் அல்ல என்பதே அந்தக் கதையின் சாரம்.

அந்தக் கதை நீலகண்டனின் நெஞ்சைத் தொட்டது. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். 1749-ல் கைதானார். அடித்தார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ந் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இதைக் கவனியுங்கள். மாடும் பயிரும் போனதை தேவசகாயம் ஏற்றுக்கொண்டார். மனச்சாட்சியை விட்டுவிடு என்று மிரட்டியபோது ஏற்கவில்லை. இரண்டும் ஒரே மனிதரின் விசுவாசம்தான்.

பிறருக்குச் சொல்லும் சொல் அல்ல

இன்னொன்றும் உண்டு. "ஆண்டவர் சித்தம்" என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அதைப் போதிப்பது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை. அவள் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு வாய் காப்பி கொடுங்கள். அவள் வீட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். சொல்ல வேண்டிய நாளில் அவளே சொல்வாள்.

2020-ல் கொரோனா வந்தபோது கோயில் கதவுகள் மூடின. மார்ச் 27-ந் தேதி மாலை, மழை தூறிய காலியான சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நின்று ஜெபித்தார். அதே போப், மறு ஆண்டு தடுப்பூசி வந்ததும் அதைப் போட்டுக்கொள்வது அன்பின் செயல் என்றார். ஜெபமும் வேண்டும்; ஊசியும் வேண்டும்.

இரவு ஜெபத்தில் மூன்று கேள்விகள்

இன்று இரவு ஜெபமாலை சொல்லி முடித்ததும், குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

இன்று வந்த துன்பத்தில் நம்மால் மாற்றக்கூடியது எது? அதை மாற்ற நாளைக்கே என்ன செய்யலாம்? நம் கைக்கு எட்டாதது எது?

முதல் இரண்டுக்கும் விடை கண்டு, மூன்றாவதை மட்டும் ஆண்டவர் கையில் கொடுங்கள். அதன் பிறகு, "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லி விளக்கை அணையுங்கள். நிம்மதியாகத் தூக்கம் வரும். காலையில் ஷிப்டுக்குப் போக வேண்டும் அல்லவா?